பல்சரில கியர் மாத்தேக்க துள்ளுது, அம்மா பின்னால ஏறமாட்டன் எண்டிட்டா. வடிவா மாத்தப் பழகினது எப்பிடி எண்டு சொல்லுங்கோ

வேலணை ரீச்சர்:
வணக்கம் அண்ணாமார் அக்காமார். நான் இருக்கிறது யாழ்ப்பாணத்தில கொக்குவில், படிப்பிக்கிறது கடலுக்கு மேலால பண்ணைப் பாலம் தாண்டி வேலணைத் தீவில. இவ்வளவு காலமும் ஸ்கூட்டியிலதான் போய் வந்தனான், அது இப்ப எஞ்சின் பிரிக்கவேணும் எண்டு சொல்லிட்டினம், இப்ப விக்கிற விலைக்கு வேறை ஒண்டு வாங்க ஏலாது, அதால அண்ணா பிரான்சுக்குப் போகேக்க விட்டிட்டுப் போன பல்சர் 150ஐ எடுத்து ஓடத் தொடங்கியிருக்கிறன். மூண்டு வருசமா விறாந்தையில படங்கு போட்டு மூடிக் கிடந்த பைக். லைசன்ஸ் இருக்கு, ஆனா அது எடுக்கேக்க எட்டுப் போட்டுக் காட்டினது முழுக்க முதலாம் கியரில, அதுக்குப் பிறகு கியர் எண்டதைத் தொட்டதே இல்லை.

பிரச்சினை என்னெண்டா ஒண்டில இருந்து ரெண்டுக்கு மாத்தேக்க பைக் ஒருக்காத் தலையைக் குத்திப்போட்டுப் பிறகு பாய்ஞ்சு போகுது. சிலநேரம் ரெண்டு விழாமல் நியூற்றலில நிண்டிடும், நான் றேஸ் குடுக்க எஞ்சின் மட்டும் கத்தும், பின்னால வாறவை ஹோன் அடிப்பினம். நேற்று முன்தினம் பண்ணையடி வளைவில மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கி கிளச்சை விட்டன், பின்சில்லு கிறீச் எண்டு ஒருக்கா இழுத்துச்சு, நெஞ்சு திக்கெண்டு போச்சு. வெள்ளிக்கிழமை அம்மாவை நல்லூருக்கு ஏத்திக்கொண்டு போனன், தட்டாதெருச் சந்தி தாண்டிக் கோயிலடிக்குப் போறதுக்குள்ள அவவின்ர ஹெல்மெற் என்ர ஹெல்மெற்றில எத்தினை தரம் இடிச்சுதெண்டு கணக்கில்லை. வரேக்க "நான் ஓட்டோவில வாறன் பிள்ளை" எண்டிட்டா. அண்டிரவு எனக்கு நித்திரையே வரேல்ல.

யூரியூப்பில பாத்தன், எந்தக் கியர் மேல எந்தக் கியர் கீழ எண்டுதான் சொல்லினம், அது எனக்குத் தெரியும், ஒண்டு கீழ மிச்சம் நாலும் மேல. எனக்குத் தெரியவேண்டியது ஏன் துள்ளுது எண்டது.

சங்கானைப் பெடியன்:
அக்கா பயப்பிடாதேங்கோ, எல்லாருக்கும் ஆரம்பத்தில இப்பிடித்தான். ஒரு மாசம் ஓட தானா வரும்.

பழைய சி90:
தம்பி, தானா வராது. தானா வாறது பழக்கம், பிழையாப் பழகினா பிழைதான் பழக்கமா வரும். முப்பது வருசம் ஓடியும் ஒவ்வொரு கியருக்கும் ஆளைத் தலையாட்ட வைக்கிற ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

பிள்ளை, நீர் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். தலையைக் குத்துது, பிறகு பாயுது எண்டு எழுதியிருக்கிறீர். அது ரெண்டும் ரெண்டு பிழை, ரெண்டுமே காலில இல்லை, கையில. வலது கையை முழுக்க மூடிப்போட்டு ஆறுதலாக் கியரை மாத்தினா அதுக்குள்ள எஞ்சின்ர வேகம் விழுந்திடும், பிறகு கிளச்சை விடேக்க ஓடிக்கொண்டிருக்கிற சில்லுதான் எஞ்சினை இழுத்து எழுப்பவேணும், அப்பதான் தலை முன்னுக்குக் குத்தும். அதுக்குப் பயந்து றேஸைக் கூட்டுவீர், கிளச்சில மிச்சம் இருக்கிறதையும் டக்கெண்டு விடுவீர், அப்ப பாயும். சில்லும் எஞ்சினும் ஒரே வேகத்தில சந்திச்சா ரெண்டும் நடக்காது.

நான் பழகினது ஹொண்டா சி90இல. அதில கிளச் பிடிக்க லீவரே இல்லை, மூண்டு கியர், காலால மிதிக்க கிளச் விட்டிடும், காலை எடுக்கப் பிடிக்கும். மிதிச்ச காலைச் சட்டெண்டு எடுத்தா குதிரை மாதிரித் துள்ளும், மெல்ல எடுத்துக்கொண்டு றேஸையும் மெல்லக் குடுத்தா கியர் மாறினதே தெரியாது. பிறகு 90களில சாமான் தடை இருந்த காலம், பெற்றோல் கொஞ்சத்தை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். மண்ணெண்ணெயில றேஸை ஒரேயடியாத் திறந்தா எஞ்சின் திக்கும், முழுக்க மூடினா நூந்துபோகும். அதால கை தானாப் பொறுமை படிச்சிட்டுது. என்ர கிளச் கை இண்டைக்கும் அந்தக் காலத்துக் கைதான்.

உமக்கு ஒரு வேலை சொல்லுறன், ரெண்டு நாளைக்குச் செய்யும். சனமில்லாத நேரம் பாத்துக் கோயில் வெளிவீதிக்குப் போம். முதலாம் கியரைப் போட்டு றேஸ் குடுக்காமலே கிளச்சை மட்டும் மெல்ல மெல்ல விடும். ஒரு இடத்தில எஞ்சின்ர சத்தம் கொஞ்சம் தணியும், பைக் ஊரத் தொடங்கும். அதுதான் கிளச் பிடிக்கிற இடம். அந்த இடத்தில விரலை நிப்பாட்டி நடக்கிற வேகத்தில போம், திரும்பப் பிடியும், திரும்ப விடும். லீவர் எவ்வளவு தூரம் வரேக்க அந்த இடம் வருதெண்டு கை கண்ணை மூடிக்கொண்டு சொல்லவேணும். அது தெரியாமல் ரெண்டாம் கியரைப் பற்றிக் கதைக்கிறதில பிரயோசனமில்லை.

சுன்னாகம் கராஜ்:
ஐயா சொல்லுறது சரி. ஆனா பைக்கைப் பாக்காமல் ஆளில பிழை சொல்ல நான் மாட்டன். மூண்டு வருசம் நிண்ட பைக் எண்டு தங்கச்சி எழுதியிருக்கிறா, அதை ஒருத்தரும் கவனிக்கேல்ல.

முதல் கிளச் கேபிள். நிண்ட பைக்கில கேபிள் உள்ளுக்குள்ள துரு பிடிக்கும். லீவரை விடேக்க சீரா வராமல் திக்கித் திக்கி வரும், கடைசியில டக்கெண்டு விட்டிடும். நீங்கள் எவ்வளவு மெல்ல விட்டாலும் கிளச் மெல்ல விடாது. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு லீவரைச் சும்மா பிடிச்சு விட்டுப் பாருங்கோ, கரகரப்புத் தெரிஞ்சா கேபிளை மாத்துங்கோ, பெரிய காசில்லை. லீவரின்ர நுனியில 10 தொடக்கம் 20 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா ஆடவேணும். ஆட்டமே இல்லாட்டி கிளச் முழுக்கப் பிடிக்காமல் வழுக்கும், கூட ஆடினா லீவரைப் பிடிச்சாலும் கிளச் முழுக்க விடாது, அப்பதான் கியர் கடினமா விழும், நிக்கேக்க நியூற்றலும் வராது.

ரெண்டாவது செயின். தொங்கிற செயின் எண்டா நீங்கள் றேஸைக் குறைக்கேக்க ஒரு இழுவை, கூட்டேக்க ஒரு அடி. மூண்டாவது பின்சில்லின்ர நடுவில ஹப்புக்குள்ள இருக்கிற ரப்பர், செயின் ஓடுற பல்லுச்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில அடியைத் தாங்கிறதுக்கெண்டு வச்சிருக்கிறது. இதை ஆரும் நினைச்சுப் பாக்கிறேல்ல. பைக்கைச் சென்ரர் ஸ்ராண்டில விட்டுக் கியரில போட்டு, பின்சில்லைக் கையால முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்கோ. பல்லுச்சில்லு அசையாமல் சில்லு மட்டும் கனக்க ஆடிச்சுதெண்டா ரப்பர் தேய்ஞ்சு போச்சு.

இன்னொண்டு, கனநாள் நிண்ட பைக்கில கிளச் பிளேற்றுகள் ஒண்டோடொண்டு ஒட்டிப்போகும். காலமை முதலாம் கியர் போடேக்க "டமார்" எண்டு ஒரு பாய்ச்சல் வருதா? வந்தா, ஸ்ராட் பண்ணமுதல் கியரைப் போட்டு, கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு பைக்கை முன்னுக்கும் பின்னுக்கும் நாலைஞ்சு தரம் உருட்டுங்கோ, விட்டிடும்.

கடைசியா ஒயில். என்ன ஒயில் விட்டனீங்கள்?

வேலணை ரீச்சர்:
அண்ணை, வாசிச்சிட்டு உடன போய்ப் பாத்தன். லீவர் நீங்கள் சொன்ன மாதிரியேதான், பாதியில திக்கி நிண்டு பிறகு கழருது. செயின் நல்லாத் தொங்குது. ரப்பரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியேல்ல, சில்லு ஆடுறது உண்மை.

ஒயில் ஸ்கூட்டிக்கு வாங்கி வச்ச போத்தில் ஒண்டு வீட்டில கிடந்தது, நல்ல ஒயில்தானே எண்டு அதைத்தான் விட்டனான். அது பிழையோ? இன்னொரு விசயமும் இருக்கு, பண்ணைப் பாலத்தில காத்துக்கு எதிரா ஓடேக்க றேஸ் குடுக்க எஞ்சின்ர சத்தம் கூடுது, வேகம் கூடுறமாதிரித் தெரியேல்ல. நான் காத்தாலதான் எண்டு நினைச்சன்.

சுன்னாகம் கராஜ்:
அது காத்தில்லைத் தங்கச்சி, கிளச் வழுக்குது. கியர் பைக்குகளில கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளதான் நனைஞ்சபடி இருக்கு, அதால ஒயில் அளவுக்கு மிஞ்சி வழுக்கக்கூடாது. போத்திலில ஜே.ஏ.எஸ்.ஓ எம்.ஏ எண்டு, அது ஜப்பான் தரக் குறி, போட்டிருக்கிறதைத்தான் விடவேணும். ஸ்கூட்டிக்கு வாறதில கனக்க எம்.பி எண்டிருக்கும், அதில கிளச் ஒயிலுக்குள்ள இல்லை எண்டபடியால அதுக்கு அது காணும். கார் ஒயிலையும் விடாதேங்கோ. இப்ப கிடக்கிறதை முழுக்க இறக்கிப்போட்டு 20டபிள்யூ50 தடிப்பு, எம்.ஏ எண்டு பாத்து வாங்கி விடுங்கோ. கெதியாச் செய்யுங்கோ, வழுக்க வழுக்க பிளேற் எரிஞ்சு போகும், பிறகு புது ஒயில் விட்டாலும் சரிவராது.

மானிப்பாய் அக்கா:
ரீச்சர், நானும் ஸ்கூட்டியில இருந்து கியர் பைக்குக்கு மாறின ஆள்தான், அதால ஆம்பிளையள் சொல்லாத ஒண்டைச் சொல்லுறன். காலில என்ன போட்டிருக்கிறீங்கள்? பள்ளிக்கூடத்துக்குப் போடுற மெல்லிசுச் செருப்போட கியரை மேல தூக்கேக்க விரல் நோகும், நோவுக்குப் பயந்து முழுக்கத் தூக்காமல் பாதியில விடுவீங்கள். ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவிலதான் நியூற்றல் இருக்கு, பாதியில விட்டா அங்கதான் போய் நிக்கும். உங்களுக்கு ரெண்டு விழாமல் போறதுக்குப் பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். எனக்கு அப்பிடித்தான் இருந்தது. முன்பக்கம் மூடின சப்பாத்து ஒண்டு வாங்குங்கோ, நான் சுடிதாரோட சப்பாத்தும் போட்டுக்கொண்டு போய் அங்க போய்ச் சீலையும் செருப்பும் மாத்திறனான்.

கியர் லீவரின்ர உயரத்தையும் பாருங்கோ. அண்ணான்ர காலுக்கு வச்ச உயரம் உங்கட காலுக்குச் சரிவராது. பாதத்தைக் கால் வைக்கிற கட்டையில வச்சபடி, குதிக்காலைக் கிளப்பாமல் பெருவிரல் லீவருக்குக் கீழ போகவேணும். எனக்கு அதைக் கொஞ்சம் இறக்கி மாட்டித் தந்தவை, பத்து நிமிச வேலை.

பிறகு லீவரைத் தட்டாதேங்கோ, தூக்குங்கோ. தட்டிறதுக்கும் தூக்கிறதுக்கும் கனக்க வித்தியாசம். கிளச்சைப் பிடிக்கிறதுக்கு முதலே விரலால லீவரில ஒரு சின்னப் பாரம் குடுத்து வச்சிருந்தா, கிளச்சைப் பிடிச்ச உடன கியர் தானா நழுவிப் போய் விழும். விழுந்த பிறகும் கிளச்சை முழுக்க விடுற வரைக்கும் விரலை எடுக்கவேண்டாம்.

முட்டை யாவாரி:
நான் இப்பிடி இடங்களில எழுதிறேல்ல, வாசிச்சிட்டுப் போறனான். இதுக்கு மட்டும் எழுதவேணும் போல இருக்கு.

நான் கடையளுக்கு முட்டை போடுறனான். ஒரு தட்டில 30 முட்டை, பின்னால பெட்டி கட்டி 20 தட்டுக் கொண்டு போவன், 600 முட்டை. சுன்னாகத்தில இருந்து மருதனார்மடம், இணுவில், கோண்டாவில் எண்டு ஒவ்வொரு கடையிலயும் நிண்டு நிண்டு போகவேணும், ஒரு நாளைக்கு எத்தினை நூறு தரம் கியர் மாத்திறன் எண்டு எண்ணினதில்லை. முட்டை உடைஞ்சா அந்தக் காசு என்ர.

தொடங்கின காலத்தில ஒவ்வொரு நாளும் உடையும். பள்ளம் கிட்டங்களால எண்டுதான் நினைச்சன். பிறகு பாத்தா நல்ல றோட்டிலயும் உடையுது. ஒருநாள் இருந்து யோசிச்சன், அடி எங்க இருந்து வருது எண்டு. றேஸை மூடேக்க செயின்ர மேல்பக்கம் தொய்யும், கீழ்ப்பக்கம் இறுகும். திரும்பத் திறக்கேக்க மேல்பக்கம் இறுகும். அந்த மாறுற நேரத்திலதான் அடி விழுகுது. கியர் மாத்தேக்க மட்டுமில்லை, சும்மா ஓடேக்க றேஸை விட்டுப் பிடிச்சாலும் அதே அடிதான். முட்டை முதல் அசைவில உடையாது, முன்னுக்குப் போய் இடிச்சிட்டுத் திரும்பி வரேக்கதான் உடையும்.

அதுக்குப் பிறகு நான் பழகினது ஒண்டுதான், வலது கையைச் சட்டெண்டு மூடுறேல்ல, சட்டெண்டு திறக்கிறதும் இல்லை. மாத்தேக்க றேஸைக் குறைக்கிறதும் கிளச்சைப் பிடிக்கிறதும் ஒரே மூச்சில, குறைக்கிறது முழுக்க மூடுற அளவுக்கில்லை. கியர் விழுந்த உடன கிளச்சைப் பிடிக்கிற இடம் வரைக்கும் கெதியா விடுவன், அந்த இடத்தில ஒரு சொட்டு நேரம் விரல் நிக்கும், அந்த நேரத்துக்குள்ள வலது கை கொஞ்சம் திறந்திருக்கும், பிறகு மிச்சத்தையும் விடுறது. அந்த நடுவில நிக்கிற ஒரு சொட்டு நேரம்தான் எல்லாம். ரீச்சர் அம்மா அந்த இடத்தை மட்டும் பிடிச்சீங்கள் எண்டா அம்மான்ர ஹெல்மெற் இடிக்காது.

மற்றது, ஒண்டில கன நேரம் ஓடாதேங்கோ. பைக் உருளத் தொடங்கினா காணும், 10, 15 கிலோமீட்டர் வேகத்திலயே ரெண்டுக்குப் போயிடுங்கோ. ஒண்டில எஞ்சினைக் கத்தவிட்டு மாத்தினா அடி பெரிசாத்தான் விழும்.

சங்கானைப் பெடியன்:
யாவாரி அண்ணை சொன்னது செம. ஆனா நான் மேல மாத்தேக்க கிளச்சே பிடிக்கிறேல்ல, றேஸை ஒருக்கா விட்டுக் காலால ஒரு தூக்கு, கியர் வெண்ணெய் மாதிரி விழும். ரேஸ் ஓடுறவையும் அப்பிடித்தான் செய்யினம். அக்கா அதையும் பழகிப் பாக்கலாம்.

சுன்னாகம் கராஜ்:
தம்பி, தயவுசெய்து அதைப் பழகுறவைக்குச் சொல்லாதை.

விழும், நான் இல்லை எண்டு சொல்லேல்ல, சரியான நேரத்தில தூக்கினா விழும். ஆனா பிழைக்கிற ஒவ்வொரு தரமும் உள்ளுக்குள்ள என்ன நடக்குதெண்டு நான் பெட்டியைப் பிரிச்சுப் பாக்கிற ஆள். கியர்ச் சில்லுகளின்ர பல்லு எப்பவும் ஒண்டோடொண்டு கவ்வினபடிதான் இருக்கும். கியர் மாறுறது எண்டா ஒரு சில்லு பக்கவாட்டில நகர்ந்து, அதில துருத்திக்கொண்டு நிக்கிற கட்டைகள் மற்றச் சில்லின்ர குழிக்குள்ள போய் மாட்டுறது. வேகம் ஒத்துவராத நேரம் தள்ளினா அந்தக் கட்டையளின்ர மூலை அடிபட்டு அடிபட்டு உருண்டு போகும். மூலை உருண்ட கியர் பாரம் இழுக்கேக்க தானாக் கழரும். பஸ்ஸை முந்திக்கொண்டிருக்கேக்க மூண்டாம் கியர் கழண்டு எஞ்சின் கத்தினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பார். கிளச் கேபிள் அறுந்து வீட்டை கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய நேரத்தில செய், ஒவ்வொரு நாளும் செய்யாதை.

சங்கானைப் பெடியன்:
சரி அண்ணை, விளங்குது. என்ர பைக்கிலயும் மூண்டாம் கியர் ஒண்டு ரெண்டு தரம் கழண்டதுதான். சனிக்கிழமை கொண்டு வாறன், பாத்துச் சொல்லுங்கோ.

ரொறன்ரோவில இருந்து:
ஊரில இருக்கேக்க பதினைஞ்சு வருசம் ஓடினனான், இஞ்ச கோடையில மட்டும் ஓடுறது. மேல மாத்திறதைப் பற்றி எல்லாரும் சொல்லிட்டினம், ரீச்சர் எழுதின பின்சில்லு இழுத்த கதையை ஒருத்தரும் தொடேல்ல, எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு. மேல மாத்திறதில பிழைச்சா தலை ஆடும், கீழ மாத்திறதில பிழைச்சா விழுவீங்கள், அதுவும் வளைவில, மழை பெய்து மண் கிடக்கிற இடத்தில எண்டா யோசிக்கவே வேண்டாம்.

ஒரே வேகத்தில ஓடிக்கொண்டு ஒரு கியர் இறக்கினா எஞ்சின் முதல் இருந்ததைவிடக் கெதியாச் சுத்தவேணும். மேல போகேக்க சுத்து விழவேணும், கீழ வரேக்க சுத்து ஏறவேணும், அவ்வளவுதான் கணக்கு. எஞ்சின் நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டு காட்டுற டாக்கோ முள்ளைப் பாத்தா விளங்கும். முதலாம் கியரில 6000 சுத்தில நிண்டு ரெண்டுக்குப் போனா ஏறக்குறைய 4000க்கு விழும், நாலில இருந்து அஞ்சுக்குப் போகேக்க விழுகிறது அதில பாதிகூட வராது. ஏனெண்டா கீழ்க் கியர்களுக்கிடையில இடைவெளி பெரிசு, மேல போகப் போக சின்னன். அதாலதான் ஒண்டும் ரெண்டும் எல்லாருக்கும் கஷ்டம், மூண்டுக்குப் பிறகு எல்லாரும் கெட்டிக்காரர்.

நீங்கள் மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கி, றேஸை மூடினபடி கிளச்சை விட்டிருக்கிறீங்கள். எஞ்சின் ஆறுதலாச் சுத்துது, சில்லு கெதியா ஓடுது, கிளச் ரெண்டையும் கட்டிப்போட்டுது, சில்லு தோத்துப் போய் இழுபட்டுது. செய்யவேண்டியது, வளைவுக்கு முதலே நேர் றோட்டில பிறேக் பிடிச்சு வேகத்தை 20, 25க்குக் கொண்டுவாங்கோ. கிளச்சைப் பிடியுங்கோ, கியரை இறக்குங்கோ, கிளச்சை விடமுதல் வலது கையால ஒரு சின்ன றேஸ், "ரும்" எண்டு ஒருக்கா, பிறகு மெல்ல விடுங்கோ. அந்த றேஸ் எவ்வளவு எண்டதைக் காதுதான் சொல்லும். வளைவுக்குள்ள போய் நிண்டுகொண்டு கியர் மாத்தவேண்டாம். அதோட அஞ்சில இருந்து நேர ரெண்டுக்கு டக் டக் டக் எண்டு இறக்கிப்போட்டு விடுற பழக்கமும் வேண்டாம், ஒவ்வொண்டா இறக்குங்கோ, இல்லாட்டி பிறேக்கால வேகத்தை நல்லாக் குறைச்சிட்டு இறக்குங்கோ.

வேலணை ரீச்சர்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. செய்ததை எழுதுறன். கேபிள் புதுசு, ஒயில் மாத்தியாச்சு, செயின் இறுக்கியாச்சு, ரப்பர் நாலும் கையில எடுக்கேக்கயே துண்டு துண்டா வந்துது, அதுவும் மாத்தினது. சப்பாத்தும் வாங்கினன். பைக்கை எடுத்து ஒழுங்கையால வரேக்கயே வேறை பைக் மாதிரி இருந்தது.

ஐயா சொன்னபடி கோயில் வீதியில காலமை அஞ்சரைக்குப் போய் றேஸ் இல்லாமல் ஊர்ந்து பழகினன். முதல் நாள் ஏழெட்டுத் தரம் நூந்துபோச்சு. ரெண்டாம் நாள் ரெண்டே தரம். யாவாரி அண்ணை சொன்ன அந்த நடுவில நிக்கிற இடம் எனக்கு மூண்டாம் நாள் பிடிபட்டுது, கையில ஒரு சின்ன நடுக்கம் மாதிரித் தெரியுது, அதுக்குப் பிறகு விட்டா ஒண்டும் இல்லை, சத்தம் மட்டும் மாறுது. எனக்கு அழுகை வந்திட்டுது, உண்மையாச் சொல்லுறன்.

இன்னும் ரெண்டு கேள்வி. ரயில் கேற் பூட்டியிருக்கேக்க நியூற்றல் போட வருகுதே இல்லை, ஒண்டுக்கும் ரெண்டுக்குமாத் தாவிக்கொண்டு நிக்குது. மற்றது பண்ணைப் பாலத்தில எந்தக் கியரில போறது?

பழைய சி90:
நியூற்றலை நிண்ட பிறகு தேடாதையும். கேற் பூட்டியிருக்கிறது தூரத்திலயே தெரியுந்தானே, ரெண்டாம் கியரில ஊர்ந்து வரேக்க, நிக்கிறதுக்கு ரெண்டு மூண்டு அடி இருக்கேக்க விரலால மேலோட்டமா ஒருக்கா அமத்தும், பச்சை லைற் பத்தும். சில்லு உருண்டுகொண்டிருக்கேக்க உள்ளுக்கும் எல்லாம் சுத்திக்கொண்டு நிக்கும், லேசா விழும். நிண்டபிறகு மாட்டுப்பட்டிட்டால் கிளச்சை ஒரு சொட்டு விட்டுப் பிடியும், இல்லாட்டி பைக்கை ஒரு அடி முன்னுக்குத் தள்ளும், பலத்தைப் பாவிக்கவேண்டாம்.

கேற் திறந்த பிறகு அந்த மேட்டில ஏறி எடுக்கிறதையும் வடிவாப் பழகும். எங்கட ஊரில மேடு எண்டு இருக்கிறதே ரயில் கடவையும் பாலங்களுந்தான். பின் பிறேக்கைக் காலால அமத்திக்கொண்டு, கிளச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, சத்தம் தணியேக்க பிறேக்கை விடும். பின்னுக்கு உருளாது.

ஏ9 ரைடர்:
பண்ணைக்கு நான் சொல்லுறன், நானும் புங்குடுதீவுக்கு ஓடுற ஆள். சோளகக் காத்து வீசேக்க அது சும்மா றோட்டில்லை. அஞ்சாம் கியரைப் போட்டுக்கொண்டு 40இல இழுத்தா எஞ்சின் "டொக டொக" எண்டு உதறும், றேஸைக் கூட்டினாலும் ஏறாது. உதறத் தொடங்கின உடன ஒரு கியரை இறக்குங்கோ, வெக்கமில்லை. நான் காத்து நாளில பாலம் முழுக்க நாலிலதான், சரியான காத்தெண்டா மூண்டு. வல்லை வெளியிலயும் அப்பிடித்தான். பக்கத்தால அடிக்கிற காத்தில கியர் மாத்தேக்க பைக் அரையடி நகரும், அதால பாலத்தில ஏறமுதலே வேண்டிய கியரைப் போட்டிட்டு ஏறுங்கோ, நடுவில கையை ஆட்டவேண்டாம். மண்டைதீவுச் சந்தி தாண்டி அல்லைப்பிட்டிப் பக்கம் மாடு குறுக்க வரும், அங்க ரெண்டு விரல் கிளச்சில இருக்கட்டும்.

2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கிழமைக்கு 4 லீற்றர் எண்டு கியூஆர் காட்டி அடிச்ச நேரம், மிச்சம் பிடிக்கவெண்டு எல்லாரும் கெதியாக் கெதியா அஞ்சுக்குப் போகப் பழகிட்டம். அந்தப் பழக்கம் இப்பவும் கனபேருக்கு இருக்கு. 30இல அஞ்சாம் கியர் போடுறது மிச்சமில்லை, எஞ்சினைச் சித்திரவதை செய்யிறது. நான் ரெண்டுக்கு 15, மூண்டுக்கு 25, நாலுக்கு 40, அஞ்சுக்கு 50 தாண்டினாப் பிறகுதான். இது என்ர கணக்கு, காத்தும் பாரமும் இருந்தா இன்னும் பிந்தித்தான் மாத்தவேணும்.

முட்டை யாவாரி:
ஆள் ஏத்தேக்க ஒரு விசயம். பாரம் கூட எண்டா கிளச் நடுவில நிக்கிற நேரமும் கொஞ்சம் கூடும், தனிய ஓடின பழக்கத்தில விட்டிடாதேங்கோ. அம்மாவைத் தூரத்தள்ளி இருக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, கிட்ட இருந்து உங்கட இடுப்பைப் பிடிச்சா அவவின்ர உடம்பு உங்களோட சேர்ந்து அசையும். பெட்டியையும் நான் இறுக்கித்தான் கட்டுறனான்.

வேலணை ரீச்சர்:
நேற்று வெள்ளிக்கிழமை. அம்மாவை நான் கேக்கேல்ல, பைக்கைக் கழுவிப்போட்டு வாசலில விட்டிட்டு உள்ளுக்குப் போனன். வெளிய வந்து பாத்தா அவ ஹெல்மெற்றைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறா.

ஒழுங்கையால எடுத்து முதலாம் கியர், வாசல் பள்ளம் தாண்டின உடன ரெண்டு. ஒண்டும் இல்லை. கே.கே.எஸ் (காங்கேசன்துறை) வீதியில ஏறி மூண்டு. அதிலயும் ஒண்டும் இல்லை. தட்டாதெருச் சந்தியில பஸ் ஒண்டு குறுக்க நிண்டுது, மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கேக்க "ரும்" எண்டு ஒரு சின்ன றேஸ் குடுத்து விட்டன், நான் எதிர்பாத்த இடி வரவே இல்லை. அதுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. அதுவரைக்கும் அம்மா என்ர தோளை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் வந்தவ. நல்லூருக்குக் கிட்ட வரேக்க கை தளந்து இடுப்புக்கு வந்திட்டுது, திருநெல்வேலிச் சந்தையில முருங்கைக்காய் விக்கிற விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா, பிறகு சித்தி வீட்டுக் கலியாணத்துக்கு என்ன சீலை உடுக்கிறது எண்டு கேட்டா, கோயிலடியில நிப்பாட்டுற வரைக்கும் கதை நிக்கேல்ல. கியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. வரேக்கயும் என்னோடதான் வந்தவ.

ஒரு இடத்தில மட்டும் பிழைச்சன், கோயிலடியில சனத்துக்குள்ள ரெண்டில ஊரேக்க உதறி நூந்துபோச்சு. அது ஒண்டுக்கு இறக்கியிருக்கவேண்டிய இடம் எண்டு இப்ப விளங்குது.

சுன்னாகம் கராஜ்:
சந்தோசம் தங்கச்சி. புதுக் கேபிள் எண்டபடியால கொஞ்ச நாளில இழுபடும், லீவரின்ர ஆட்டம் கூடினமாதிரி இருந்தா கைப்பிடியடியில இருக்கிற அந்தச் சுரையைக் கையால ரெண்டு சுத்து வெளியால சுத்தி இறுக்குங்கோ, சாவி தேவையில்லை. 500 கிலோமீட்டர் ஓடினாப் பிறகு செயினையும் ஒருக்காப் பாருங்கோ, உப்புக் காத்து றோட்டில ஓடுற பைக், ஒயில் பூசாமல் விட்டா கெதியாத் துருப்பிடிக்கும்.